ஆட்டோமேட்டிக் காரின் கியர் ஆயில்: அளந்து எடுத்து, அளந்து ஊற்றுங்கள்

என்ஜின் ஆயிலை வருடம் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் ஆயிலைப் பற்றி நினைப்பதில்லை. அது எரிந்து குறைவதில்லை. மாற்றும் நாள் வந்துவிட்டது என்று சொல்ல ஒரு விளக்கும் பல கார்களில் இல்லை. கார் ஓடுகிறது, கியர் தானாக மாறுகிறது, வேறென்ன வேண்டும் என்று வருடங்கள் போகின்றன. பிறகு ஒருநாள் சிக்னலில் பிரேக்கை விட்டதும் கார் ஒரு கணம் தயங்கி, வெடுக்கென்று இழுக்கிறது. அந்த நிலையில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், கியர் பாக்ஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பார்கள். அதற்கு ஆகும் செலவில் பல முறை ஆயில் மாற்றியிருக்கலாம்.

இந்த ஆயிலை வீட்டு வாசலிலேயே மாற்ற முடியும். எல்லாக் காரிலும் முடியாது. எதில் முடியும், எதில் கூடாது என்பதைக் கீழே சொல்கிறேன். வேலை கடினமானதல்ல. ஆனால் என்ஜின் ஆயிலில் கால் லிட்டர் முன்னே பின்னே இருந்தால் என்ஜின் பொறுத்துக்கொள்ளும். கியர் பாக்ஸ் அவ்வளவு பொறுமை காட்டாது. ஏன் என்று புரிந்துகொண்டால், ஒவ்வொரு படியிலும் எதில் கவனம் வேண்டும் என்பது தானே தெரியும். ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுவோம்.

ஆயில் அங்கே என்ன செய்கிறது

கிளட்ச் மிதி உள்ள காரில், என்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைப்பது கிளட்ச் பிளேட். ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றுப் பட்டு மற்றொன்றும் மெல்லச் சுழலத் தொடங்கும். கன்வெர்ட்டருக்குள் நடப்பது இதுதான். காற்றுக்குப் பதில் ஆயில். என்ஜினோடு சுற்றும் இறக்கைகள் ஆயிலை வீசுகின்றன, கியர் பாக்ஸோடு பிணைந்த இறக்கைகள் அந்த வீச்சை வாங்கிச் சுழல்கின்றன. வேகம் நிலைப்பட்ட பிறகு லாக்-அப் கிளட்ச் இரண்டையும் இறுகப் பிடித்துவிடும். அதுவரை என்ஜினின் மொத்த வலுவும் ஆயில் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது.

அடுத்த வேலை அழுத்தம். கியர் பாக்ஸின் முன்பக்கம் ஒரு பம்ப் இருக்கிறது. என்ஜின் ஓடும்போதெல்லாம் அது ஆயிலை அழுத்தத்தோடு வால்வு பாடிக்கு அனுப்புகிறது. எந்த கியர் வேண்டுமோ அதற்குரிய கிளட்சுக்கு வால்வு பாடி அந்த ஆயிலைத் திருப்பிவிடுகிறது. மனிதன் கையால் தள்ளும் கியர் கம்பியின் வேலையை இங்கே ஆயிலின் அழுத்தம் செய்கிறது. ஆட்டோமேட்டிக் கார் பழுதாகி நின்றால், ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள அதைக் கயிறு கட்டி இழுத்துப் போகக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். என்ஜின் ஓடவில்லை என்றால் பம்பும் ஓடாது; உள்ளே சுழலும் பாகங்களுக்கு ஆயில் கிடைக்காது.

மூன்றாவது வேலையைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் ஊறியபடியே வேலை செய்கின்றன. அவை ஒன்றையொன்று பிடிக்கும்போது முதலில் சற்று வழுக்க வேண்டும், இல்லையென்றால் கார் அதிரும். பிறகு வழுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிளேட் கருகும். இந்த இரண்டுக்கும் இடையிலான உராய்வு எவ்வளவு என்பதை ஆயிலில் கலக்கப்படும் ரசாயனங்கள் தீர்மானிக்கின்றன. ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம். இவை போக, உயவும் சூடு தணிப்பதும் அதன் பொறுப்பே. ரேடியேட்டருக்குள்ளோ அதன் அருகிலோ இருக்கும் கூலருக்குப் போய்ச் சூட்டை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிவரும்.

முழுமையான ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் பெருமளவில் விற்பனைக்கு வந்தது 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில். ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கு ஹைட்ராமேட்டிக் என்று பெயரிட்டது. ஆட்டோமேட்டிக்குக்கென்றே தனி ஆயில் தரம் ஒன்றை அதே நிறுவனம் 1949இல் ‘டைப் ஏ’ என்று அறிவித்தது. பிற்பாடு வந்த டெக்ஸ்ரான் வரிசை அதன் வழித்தோன்றல். அந்தக் காலத்து ஆயில்களில் உராய்வைச் சீராக்க ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் திமிங்கலங்களைக் காக்கும் சட்டங்களால் அமெரிக்காவில் அது நின்றுபோக, ஆய்வகத்தில் செய்த மாற்றுப் பொருள்கள் வந்தன. கியர் மென்மையாக மாற வேண்டும் என்பதற்காக ஒரு கடல் உயிரை வேட்டையாடியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஏன் கெடுகிறது

சூடு. ஒரே சொல்லில் விடை அதுதான். சாதாரண ஓட்டத்தில் இந்த ஆயில் ஏறக்குறைய 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் இருக்கும். போக்குவரத்து நெரிசலில் நின்று நின்று நகரும்போது கன்வெர்ட்டரின் இரு பக்கங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. அந்த வித்தியாசம் முழுவதும் சூடாக மாறுகிறது. மலைப்பாதையில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஏறும்போதும் இதே கதை. சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது எண்ணெய்த் துறையின் பழைய கணக்கு. இதோடு கிளட்ச் பிளேட்டிலிருந்து தேயும் துகள்களும் உலோகத் தூளும் கலக்கின்றன. ரசாயனங்களும் செயலிழக்கின்றன.

சில நிறுவனங்கள் ‘ஆயுள் முழுவதற்குமான ஆயில்’ என்று சொல்கின்றன. யாருடைய ஆயுள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிஎம்டபிள்யூ உள்ளிட்ட பல கார்களுக்கு எட்டு வேக கியர் பாக்ஸைச் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றப் பரிந்துரைக்கிறது. கியர் பாக்ஸைச் செய்தவர் சொல்வதைக் கேட்பதே அறிவுடைமை என்று நினைக்கிறேன். உங்கள் கார் கையேட்டில் ‘கடினமான பயன்பாடு’ என்ற தலைப்பில் தனியாக ஒரு அட்டவணை இருக்கும். வெயில், நெரிசல், மலைப்பாதை, தூசி எல்லாம் அதில் வரும். சென்னையிலோ மதுரையிலோ கார் ஓட்டுகிறவருக்கு அந்த அட்டவணைதான் பொருந்தும். கையேடு எதுவும் சொல்லாவிட்டால், டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வேன்.

முதலில் உங்கள் கார் எந்த வகை

இந்தியாவில் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு விதமான கியர் பாக்ஸுகள் விற்கின்றன. இந்தக் கட்டுரை டார்க் கன்வெர்ட்டர் வகையைப் பற்றியது. 2014இல் மாருதி செலேரியோவோடு பரவலான ஏஎம்டி என்பது சாதாரண கியர் பாக்ஸ்தான்; கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியரை மாற்றும் வேலையையும் ஒரு கருவி செய்கிறது. அதற்குச் சாதாரண கியர் ஆயில்தான் வேண்டும். பெரும்பாலான ஏஎம்டி கார்களின் கியர் லீவரில் ‘பி’ என்ற பார்க்கிங் நிலை இருக்காது. இது நல்ல அடையாளம். சிவிடி வகையில் கியர்களுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளுக்கு இடையே உலோகப் பட்டை ஓடுகிறது. அது வழுக்காமல் பிடிப்பதே ஆயிலின் தனித் தன்மையால்தான். சிவிடிக்கு வேறு ஆயிலை ஊற்றினால் பட்டையும் கப்பியும் கீறப்பட்டு, திருத்த முடியாமல் போகலாம். இரட்டைக் கிளட்ச் வகை மற்றொரு தனி உலகம். லீவரைப் பார்த்து ஊகிக்காதீர்கள். கையேட்டின் அளவு அட்டவணைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

அதே பக்கத்தில்தான் ஆயிலின் தரக்குறியும் இருக்கும். டொயோட்டாவுக்கு டி-4 அல்லது டபிள்யூஎஸ், ஹூண்டாய், கியாவுக்கு எஸ்பி-3 அல்லது எஸ்பி-4, ஹோண்டாவுக்கு டிடபிள்யூ-1, ஃபோர்டுக்கு மெர்கான் வரிசை என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. எல்லாமே பெரும்பாலும் சிவப்பு நிறத்தில்தான் இருக்கும். நிறம் ஒன்றாக இருப்பதால் ஆயில் ஒன்றாகிவிடாது. ஒழுகினால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரிவதற்காகப் போடும் சாயம் அது. ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று எழுதிய டப்பாக்களை நான் பரிந்துரைப்பதில்லை. கார் நிறுவனத்தின் உதிரிபாகக் கடையில், சீல் உடையாத டப்பாவாக வாங்குங்கள். போலி ஆயில் புழங்கும் சந்தையில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இது இடமல்ல.

மாற்றலாமா, வேண்டாமா

ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் உள்ள காராக இருந்தால், அதை உருவி ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ தாளில் விட்டுச் சில நிமிடங்கள் விடுங்கள். நல்ல ஆயில் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ அகலமாகப் பரவும். பழுப்பாகப் பரவினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. நடுவில் கருப்பாக ஒரு பொட்டு நின்று, சுற்றிலும் எண்ணெய் மட்டும் மெல்லிதாகப் பரவினால் உள்ளே துகள் நிறைய இருக்கிறது என்று பொருள். பிறகு முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. ஆயில் கலங்கி, பால் சேர்ந்த ரோஜா நிறத்தில் இருந்தால் ரேடியேட்டரின் கூலன்ட் கியர் பாக்ஸுக்குள் கசிகிறது. அந்த நிலையில் காரை ஓட்டவே வேண்டாம்; ஏற்றிக்கொண்டுபோகும் வண்டியை அழையுங்கள்.

‘பழைய வண்டியில் ஆயில் மாற்றினால் கியர் பாக்ஸ் போய்விடும்’ என்று ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் நடப்பது இதுதான்: கியர் வழுக்கத் தொடங்கிய பிறகு, கடைசி முயற்சியாக ஆயிலை மாற்றுகிறார்கள். பிளேட் ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. புது ஆயில் அதை மீட்காது. சில நாளில் கியர் பாக்ஸ் நின்றதும் பழி ஆயில் மேல் விழுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருப்பது, கருகிய வாடை, லீவரை ‘டி’யில் போட்டும் பல நொடிகள் கார் அசையாமல் நிற்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் கை வைக்காமல் நல்ல கியர் பாக்ஸ் நிபுணரிடம் காட்டுங்கள். கியர் ஒழுங்காக மாறுகிற, ஆயில் மட்டும் பழுத்துப்போன வண்டிதான் வீட்டு வேலைக்கு ஏற்றது.

ஒரு கார், ஒரு காலை நேரம்

2006 முதல் 2013 வரை இந்தியாவில் விற்ற ஹோண்டா சிவிக்கின் ஐந்து வேக ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொள்வோம். தொடங்குகிறவர்களுக்கு இதைவிட இணக்கமான கியர் பாக்ஸ் குறைவு. அடியில் கழற்ற வேண்டிய தட்டு இல்லை. ஆயிலை வடிக்கத் திறக்கும் ஒரு டிரெயின் போல்ட், ஒரு டிப்ஸ்டிக், அவ்வளவுதான். மொத்தம் சுமார் 6 லிட்டர் ஆயில் உள்ளே இருந்தாலும், போல்ட்டைத் திறந்தால் ஏறக்குறைய 2.4 லிட்டர்தான் வெளியே வரும். மீதி கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டியவை: டிடபிள்யூ-1 ஆயில் 3 லிட்டர் (முன்பு வந்த இசட்1 ஆயிலுக்கு மாற்றாக ஹோண்டாவே கொண்டுவந்தது இது), டிரெயின் போல்ட்டுக்குப் புது அலுமினிய வாஷர், சாய்க்கக்கூடிய அகலமான பாத்திரம், மில்லிலிட்டர் கோடு போட்ட குவளை, நீண்ட மூக்குள்ள சுத்தமான புனல், நூல் பிரியாத துணி, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்). இவற்றோடு ஜாக்கியும், காரைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகளும்.

ஸ்டாண்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஜாக்கி காரைத் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியை நம்பி, செங்கல் அடுக்கை நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். சமமான சிமென்ட் தரை, பார்க்கிங் பிரேக், ‘பி’ நிலை, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஸ்டாண்டுகளில் இறக்கிய பிறகு காரைப் பக்கவாட்டில் பலமாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால் மறுபடியும் தூக்கி, ஸ்டாண்டைச் சரியான இடத்தில் வையுங்கள். நீங்கள் அடியில் இருப்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

முதலில் கொஞ்ச தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். சூடான ஆயில் இளகி, அடியில் படிந்த துகளையும் சேர்த்துக்கொண்டு வடியும். ஆனால் ஓட்டி நிறுத்திய கையோடு திறந்தால் கை வெந்துபோகும். அரை மணி நேரம் ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது தொடங்குங்கள்.

இப்போது எந்தக் காருக்கும் பொருந்தும் ஒரு விதி: ஊற்றும் வழி திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடியும் வழியைத் திறக்க வேண்டும். ஆயிலை எல்லாம் வடித்த பிறகு ஊற்றும் வழியின் போல்ட் துருப்பிடித்து இறுகியிருப்பது தெரிந்தால், ஆயில் இல்லாத காரோடு வாசலில் நிற்க வேண்டியதுதான். சிவிக்கில் டிப்ஸ்டிக் துளை வழியாகவே ஊற்றலாம் என்பதால் அந்தக் கவலை குறைவு. டிப்ஸ்டிக்கை உருவுவதற்கு முன் சுற்றிலும் இருக்கும் மண்ணைத் துடையுங்கள். வால்வு பாடியில் உள்ள வழிகள் மிகக் குறுகியவை, ஒரு மணல் துகளுக்கும் அங்கே இடமில்லை.

அடியில் பார்த்தால் இரண்டு டிரெயின் போல்ட்டுகள் தெரியும். என்ஜின் ஆயில் போல்ட்டின் தலை ஆறு பக்கம் கொண்டது. கியர் பாக்ஸ் போல்ட்டின் நடுவில் சதுரமான குழி இருக்கும். 3/8 அங்குல ராட்செட் அதில் நேராகப் பொருந்தும். ஸ்பேனர் செட்டில் சாக்கெட்கூடத் தேவையில்லை. இரண்டையும் குழப்பி என்ஜின் ஆயிலை வடித்துவிட்டு, ஏற்கெனவே நிறைந்திருக்கும் கியர் பாக்ஸில் மேலும் மூன்று லிட்டர் ஊற்றுவதுதான் இந்த வேலையில் நடக்கக்கூடிய மிகப் பெரிய குளறுபடி. ஆகவே போல்ட்டைத் திறந்ததும் வருகிற ஆயிலின் நிறத்தையும் வாடையையும் பார்த்து உறுதி செய்யுங்கள்.

வடிகிற நேரத்தில் போல்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் முனையில் காந்தம் பதித்திருக்கும். காந்தத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பசை தடிமனாகப் படிந்திருக்கும். விரலால் வழித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தேய்த்துப் பாருங்கள். நெருடாமல் வழுவழுவென்று இருந்தால், அது கியர்களும் பிளேட்டுகளும் இத்தனை வருடம் உழைத்ததில் உதிர்ந்த நுண்தூள், பயப்பட ஒன்றுமில்லை. நகத்தில் இடறும் சில்லுகள், ஊசி போன்ற இழைகள் கிடைத்தால் உள்ளே ஏதோ உடைகிறது. அவற்றை ஒரு தாளில் மடித்து எடுத்துப்போய் நிபுணரிடம் காட்டுங்கள். கார் பேசும் மொழிகளில் இந்தப் பசைக்கு நான் பெரிய மதிப்புத் தருகிறேன்; காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் சொல்லாததை அது சொல்லும்.

சொட்டுவது ஏறக்குறைய நிற்கும்வரை கால் மணி நேரமாவது விடுங்கள். காந்தத்தைப் பளபளவென்று துடைத்து, பழைய வாஷரை எடுத்துப் புது வாஷர் போட்டு, முதலில் விரலாலேயே திருகுங்கள். கியர் பாக்ஸின் உடல் அலுமினியம். மரை தவறினால் செலவு பெரிது. பிறகு டார்க் ரெஞ்சில் 49 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம்.

வடிந்ததை இப்போது அளவுக் குவளையில் ஊற்றி அளக்க வேண்டும். ஆனால் அது ஆறட்டும். எண்ணெய் சூட்டில் விரியும். 40 டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு லிட்டரில் ஏறத்தாழ 30 மில்லி கூடும். சூடாக அளந்துவிட்டு, ஆறிய புது ஆயிலை அதே அளவு ஊற்றினால் கணக்கு தவறும். இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போது அளந்து, எவ்வளவு வந்ததோ அவ்வளவு ஊற்றுங்கள். முன்பே ஆயில் குறைவாக இருந்திருந்தால் அதையும் சேர்த்து நிரப்ப வேண்டியிருக்கும்; அதை டிப்ஸ்டிக் சொல்லும். சிறுகச் சிறுக ஊற்றுங்கள். குறைந்தால் சேர்ப்பது எளிது, கூடினால் எடுப்பது தொல்லை.

மட்டம் பார்ப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. காரைத் தரையில் இறக்குங்கள். என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ‘ஆர்’, ‘என்’, ‘டி’ என்று ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிறுத்தி மறுபடி ‘பி’க்கு வாருங்கள். புது ஆயில் எல்லாக் கிளட்சுகளுக்கும் போய்ச் சேர இது தேவை. ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்கும் அளவுக்குச் சூடானதும் என்ஜினை நிறுத்துங்கள். ஹோண்டாவில், நிறுத்தி 60 நொடிக்குப் பிறகு, 90 நொடிக்குள் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையில், மேல்கோட்டை ஒட்டி இருந்தால் சரி.

டொயோட்டா போன்ற பெரும்பாலான பிற கார்களில் முறை வேறு: என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, ‘பி’யில் வைத்துப் பார்க்க வேண்டும், பழைய ஹூண்டாய், மிட்சுபிஷி வண்டிகள் சிலவற்றில் ‘என்’னில் வைக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது பம்ப் ஆயிலை எடுத்துக் குழாய்களுக்கும் கன்வெர்ட்டருக்கும் அனுப்பியிருப்பதால் அடியில் மட்டம் குறையும். நிறுத்தினால் ஆயில் திரும்பி வந்து மட்டம் ஏறும். டிப்ஸ்டிக்கில் கோடு போட்டவர் எந்த நிலையை மனத்தில் வைத்துப் போட்டாரோ, அந்த நிலையில்தான் அது உண்மை சொல்லும். முறையை மாற்றிப் பார்த்து, குறைவாக இருக்கிறது என்று ஒரு லிட்டர் கூடுதலாக ஊற்றியவர்கள் உண்டு.

ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும் என்பது எல்லோருக்கும் புரிகிறது. கூடினாலும் அதே கேடு என்பதுதான் புரிவதில்லை. மட்டம் உயர்ந்தால் சுழலும் கியர்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் காற்று இருக்கிறது, காற்று அமுங்கும். அழுத்தத்தால் வேலை செய்யும் கிளட்சுக்கு அமுங்குகிற ஆயில் போனால் பிடி தளரும், வழுக்கும், சூடேறும். குறைவும் மிகையும் ஒரே நோயைத்தான் தருகின்றன.

6 லிட்டரில் 2.4 லிட்டர் மாற்றினால் புது ஆயில் 40 சதவீதம். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி அதே அளவு மாற்றினால் 64, மூன்றாம் முறை 78. ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே வரும். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட வண்டிக்கு, சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை செய்வது நல்லது. ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்கு ஒருமுறை போதும். கூலர் குழாயைக் கழற்றி, என்ஜினை ஓடவிட்டு, பம்ப் மூலமாகவே மொத்தத்தையும் வெளியேற்றும் வழி ஒன்றும் உண்டு. ஊற்றும் வேகம் வெளியேறும் வேகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பம்ப் வறண்டுவிடும் என்பதால், முதன்முறை செய்கிறவருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

சிவிக் போல இல்லாத கார்கள்

பல கார்களில் கியர் பாக்ஸுக்கு அடியில் அகலமான தட்டு ஒன்று இருக்கும். சிலவற்றில் அதில் டிரெயின் போல்ட்டும் உண்டு. அப்படி இருந்தால் மேலே சொன்ன வேலைதான். ஃபில்ட்டரையும் மாற்ற வேண்டும் என்றால் தட்டைக் கழற்ற வேண்டும். எல்லா போல்ட்டையும் ஒரேயடியாக எடுத்தால் ஆயில் முகத்தில் கொட்டும். ஒரு மூலையை மட்டும் கூடுதலாகத் தளர்த்தி, தட்டு அந்தப் பக்கம் சாய்ந்து வடியும்படி செய்யுங்கள். உள்ளே காந்தங்கள் இருக்கும், துடைத்து அதே இடத்தில் வையுங்கள். பழைய பேக்கிங்கைச் சுரண்ட இரும்புக் கத்தி வேண்டாம், அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அதன் வழியாகவே கசியும். தட்டின் போல்ட்டுகள் சிறியவை, பெரும்பாலும் பத்து நியூட்டன் மீட்டருக்கு அக்கம்பக்கம்தான் தாங்கும். எதிரெதிர் மூலைகளாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். கசிகிறதே என்று மேலும் மேலும் முறுக்கினால் தட்டு வளையும், கசிவு கூடும்.

புதிய கார்கள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே இல்லை. அடியில் ஒரு மட்டக் குழாயும் அதை மூடும் போல்ட்டும் இருக்கும். ஆயில் குறிப்பிட்ட சூட்டில், உதாரணமாக டொயோட்டாவின் டபிள்யூஎஸ் ஆயில் ஏறக்குறைய 40 டிகிரியில் இருக்கும்போது, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, காரின் நான்கு மூலைகளும் சமமாகத் தூக்கியிருக்க, அந்த போல்ட்டைத் திறந்து, மிகுதி ஆயில் மெல்லிய தாரையாக வடிந்து சொட்டாகும்போது மூட வேண்டும். ஆயிலின் சூட்டைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். ஓடும் என்ஜினுக்கு அடியில் படுக்க வேண்டும். இந்த வகைக் காரை லிஃப்ட் உள்ள இடத்தில் விடுவதே சரி. ஆயிலை நீங்களே வாங்கிக் கொடுத்து, வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். எத்தனை டிகிரியில் மட்டம் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். கேள்வி புரியாதவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்த மறுநாள் காலை, கார் நின்ற இடத்தில் அட்டை விரித்து வைத்திருந்தால் கசிவு இருக்கிறதா என்று தெரியும். சில நாள் கழித்து மட்டத்தை மறுபடி பாருங்கள். தேதி, கிலோமீட்டர், ஆயிலின் பெயர், எடுத்த அளவு, ஊற்றிய அளவு ஆகியவற்றை எழுதி காரின் கையேட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றக் கூடாது. நிலத்தடி நீரில் கலந்தால் அதைப் பிரிக்க வழியில்லை. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் பயன்படுத்திய எண்ணெய் அபாயகரக் கழிவு. புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயிலைச் சேர்த்து அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள். கூலன்ட், பெட்ரோல், தின்னர் எதையும் அதோடு கலக்காதீர்கள். கலந்த எண்ணெயை அவர்கள் வாங்க மாட்டார்கள்.